மூங்கிலால் மூங்கிலை அறுத்துத் தீ எடுத்தது

காய்ந்த மூங்கிலை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியின் முதுகில் மறு பாதியின் விளிம்பை வைத்து அறுத்துத் தீ எடுக்கும் முறை, வயநாட்டிலும் நீலகிரி மாவட்டத்தின் கூடலூர், பந்தலூர் வட்டங்களிலும் வாழும் பணியர் என்ற பழங்குடியினரிடம் நூறாண்டுகளுக்கு முன்பு வழக்கத்தில் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுக்கப்பட்ட புகைப்படங்களில்கூட அது பதிவாகியிருக்கிறது. கூடலூருக்கு அருகில் எங்கள் வீட்டுக் கொல்லையில் அதைச் செய்து பார்க்கத் தொடங்கியபோது, புகை வருவது எளிதாகவே கைகூடியது. தணல் விழுவதற்குத்தான் ஒரு மழைக்காலம் முழுவதும் தேவைப்பட்டது. இப்போது தணல் விழுகிறது, அதில் அடுப்பு மூட்டிப் பச்சை மூங்கில் குழாயில் சோறும் ஆக்கியாயிற்று. ஆகவே மூங்கிலைத் தேர்ந்தெடுப்பது முதல் குழாயைப் பிளந்து சோற்றை எடுப்பது வரை நடந்ததை அளவுகளோடு எழுதி வைக்கிறேன்.

மூங்கில் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். காப்புக்காட்டுக்குள் போய் ஒரு கழியை வெட்டினாலும் குற்றம். அங்கே தீ மூட்டுவதும் குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடந்த காட்டுத்தீ விபத்துக்குப் பிறகு மலையேற்றத்துக்கே தமிழகத்தில் தனி விதிகள் வந்துவிட்டன. காட்டில் வாழும் பழங்குடிகளுக்கு மூங்கில் எடுக்கும் உரிமையை 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறு வனப்பொருள் என்ற பெயரில் தருகிறது. நமக்கு அந்த உரிமை இல்லை. அதனால், பக்கத்துத் தோட்டக்காரரின் வேலியோரப் புதரிலிருந்து கழி ஒன்றுக்கு 120 ரூபாய் கொடுத்து வாங்கிக்கொண்டேன். அறுத்தது, எரித்தது, சமைத்தது எல்லாம் வீட்டுக் கொல்லையில், பக்கத்தில் இரண்டு குடம் தண்ணீர் வைத்துக்கொண்டுதான். பழங்கால முறையில் காட்டில் தங்குவதற்கான பயிற்சி என்று இதைச் சொன்னாலும், காட்டில் செய்ய வேண்டிய தேவை எனக்கு ஏற்படவில்லை.

தீக்கடைகோலை விட்டுவிட்டு மூங்கிலை ஏன் எடுத்தேன் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நீலகிரியின் மேல்மட்டத்தில், உதகையைச் சுற்றி 2,000 மீட்டருக்கு மேல், தோடர்கள் தங்கள் புனிதப் பால்மனைகளுக்கான தீயை மரக்குச்சியை மரத்தின் மீது கடைந்தே எடுத்தார்கள். தீப்பெட்டி வந்து வீட்டு அடுப்பைப் பிடித்துக்கொண்ட பிறகும் அங்கே கடைந்த தீதான் செல்லும். அந்த உயரத்தில் சோலை மரங்கள் உண்டு, பெருமூங்கில் கிடையாது. கூடலூர் அதற்குப் பாதி உயரத்தில் இருக்கிறது; இங்கே ஓடைக்கரைகளிலும் வேலிகளிலும் முள் மூங்கில்தான் மண்டிக் கிடக்கிறது. கையில் கிடைப்பதைக் கொண்டு தீ எடுப்பதுதான் வழக்கம் என்பதால் நானும் கிடைத்ததை எடுத்தேன். அதோடு, குச்சியை உள்ளங்கைகளுக்கிடையே வைத்துக் கடைவதில் தோல் உரிந்துவிடுகிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. மூங்கிலை அறுக்கும்போது தோள்தான் வலிக்கும், கை தப்பித்துவிடும்.

முள் மூங்கிலின் அடிக்கழி கனமானது. அடியிலிருந்து ஆள் உயரம் வரைக்கும் சுவரின் தடிமன் 2 சென்டிமீட்டருக்குக் குறையவில்லை. கணுக்களும் நெருங்கி நெருங்கி இருந்தன. முதலில் அந்த அடிப்பகுதியைத்தான் எடுத்தேன், கெட்டியான மூங்கில் அதிகச் சூடு தாங்கும் என்ற எண்ணத்தில். அது எதற்கும் உதவவில்லை. அத்தனை தடித்த சுவரில் வெட்டுப் போட்டால், அறுக்கும்போது உதிரும் தூள் உள்பக்கம் போய்ச் சேருவதற்குள் ஆறிவிடுகிறது. கழியின் மேல் பாதியில், வெளி விட்டம் 6 சென்டிமீட்டரும் சுவர் 7 மில்லிமீட்டரும் உள்ள இடம்தான் சரியாக இருந்தது. அங்கே கணுவுக்குக் கணு 40 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி கிடைக்கிறது. வயது மூன்றைத் தாண்டிய கழியாக இருப்பது நல்லது. தோலில் பச்சை மங்கி, சாம்பல் படர்ந்து, தட்டினால் கணீரென்று ஒலிக்கும். இளங்கழி காயும்போது சுருங்கி நெளிந்துவிடுகிறது.

வெட்டுவதற்கு ஆக்ஸா பிளேடு, பிளப்பதற்கு வெட்டுக்கத்தி, செதுக்குவதற்கு ஒரு பேனாக்கத்தி, எடை பார்க்கச் சமையலறைத் தராசு. கருவிகள் இவ்வளவுதான். வெட்டுக்கத்தியைக் கழியின் வாயில் வைத்து, முதுகில் ஒரு மரக்கட்டையால் தட்டினால் மூங்கில் தானாகவே நேராகப் பிளந்துகொண்டு போகும். கணுவில் மட்டும் நின்று நின்று தட்ட வேண்டும். பிளந்த விளிம்பு சவரக்கத்திக்குச் சளைத்ததன்று. கையுறை போட்டுக்கொள்ளச் சோம்பல்படுகிறவர்கள், பிளந்தவுடன் பிடிக்கும் இடங்களின் விளிம்பையாவது கத்தியின் முதுகால் தேய்த்து மழுக்கிவிட வேண்டும்.

இனிமேல்தான் உண்மையான வேலை. 50 சென்டிமீட்டர் நீளத் துண்டு ஒன்று வெட்டியவுடன் 610 கிராம் இருந்தது. வெயில் கிடைத்தபோதெல்லாம் முற்றத்தில் காயப் போட்டு, சாயங்காலம் உள்ளே எடுத்து வைத்ததில் எடை படிப்படியாக இறங்கி 425 கிராமில் நின்றுவிட்டது. அதற்குக் கீழே போக மறுத்தது. மழை பிடித்த நாட்களில் மறுபடியும் சில கிராம் ஏறவும் செய்தது. கூடலூர்ப் பக்கம் ஆனி, ஆடியில் துவைத்த துணியே காயாது, மூங்கில் எப்படிக் காயும்? பார்வைக்கும் கைக்கும் அது முழுக்கக் காய்ந்த மூங்கிலாகத்தான் இருந்தது. அதை வைத்துக்கொண்டு அறுத்தபோது புகை கண்ணைக் கரிக்கும் அளவுக்கு வந்தது, வெட்டு கறுத்தது, தூளும் விழுந்தது. ஆனால் அந்தத் தூளில் பொறி தங்கவில்லை.

இன்னும் வேகமாக அறுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். வலுவுள்ள ஒரு பையனைக் கூப்பிட்டு அவனையும் அறுக்கச் சொன்னேன். வேகம் கூடியது, புகை கூடியது, இருவருக்கும் மூச்சு வாங்கியது, தணல் மட்டும் விழவில்லை. காணொளிகளில் இந்த முறையைக் காட்டுகிறவர்கள் அறுக்கும் வேகத்தைத்தான் பெரிதாகக் காட்டுகிறார்கள். அவர்களுடைய மூங்கில் எந்த மாதத்தில் வெட்டியது, எங்கே கிடந்தது என்று எவரும் சொல்வதில்லை.

எங்கள் வீட்டுக்குக் கீழே உள்ள பணியர் பாடியில் ஒரு பெரியவர் இருக்கிறார். வழியில் போனவர் வேலியருகில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உள்ளே வந்து, துண்டை வாங்கி, அறுத்த வெட்டை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். விளிம்பை விரலால் தடவிப் பார்க்கவும் இல்லை.

“இது அடுப்பு காணாத மூங்கில், சாரே” என்றார்.

“வெயில்ல நல்லா காயப் போட்டதுதான், ஐயா.”

“வெயில் மேல காய வைக்கும். புகைதான் உள்ள காய வைக்கும். அடுப்புக்கு மேல கட்டுங்க. மறந்துடுங்க. அப்புறம் எடுங்க.”

அப்படியே செய்தேன். எங்கள் வீட்டில் வெந்நீருக்கு இன்னும் விறகடுப்புதான். அதன் மேலே ஐந்தடி உயரத்தில், முன்பு விறகும் புளியும் வைத்திருந்த பரணின் சட்டத்தில், துண்டுகளைச் சணலால் கட்டித் தொங்கவிட்டேன். எடை மறுபடியும் இறங்கத் தொடங்கியது. 388 கிராமில் போய் நின்றது. முற்றத்தில் காய்ந்ததற்கும் இதற்கும் வித்தியாசம் 37 கிராம்தான். அந்த 37 கிராம் தண்ணீரை வெளியேற்றுவதற்குத்தான் நான் தோளால் அறுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். புகையில் கிடந்த மூங்கிலை உளு அரிப்பதும் இல்லை. முற்றத்துத் துண்டுகளில் இரண்டு அதற்குள் துளை விழுந்து வெள்ளைத் தூளைக் கொட்டிக்கொண்டிருந்தன. தேய்பிறையில் வெட்டினால் உளு விழாது என்று இங்கே சொல்வார்கள். நான் நாள் பார்க்கவில்லை என்பதால் அதைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை.

அதியமானை ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டு ஒன்றில், வீட்டுக் கூரையின் இறவாரத்தில் செருகி வைத்த தீக்கடைகோல் வருகிறது: “இல்லிறைச் செரீஇய ஞெலிகோல் போல”. வெளியே தெரியாமல் அடங்கியிருப்பவன், வேண்டியபோது அந்தக் கோலிலிருந்து எழும் பெருந்தீயைப் போல வெளிப்படுவான் என்பது பொருள். பள்ளிக்கூடத்தில் படித்தபோது அந்த உவமையின் அழகைத்தான் ஆசிரியர் விளக்கினார். கூரையும் சுவரும் சேரும் இடம் மழை படாத இடம். கூரை வழியே வெளியேறும் அடுப்புப் புகை தங்கிப் போகிற இடமும் அதுவே. கோலை எங்கே வைக்க வேண்டும் என்பதும் அந்த அடியில் சேர்ந்தே இருக்கிறது என்பதைப் பரணில் மூங்கிலைக் கட்டிய பிறகுதான் கவனித்தேன்.

பரணிலிருந்து இறக்கிய துண்டுகளைப் பிளந்து இரண்டு பாகங்களைச் செய்துகொண்டேன். கீழே கிடக்கும் பாகம் 45 சென்டிமீட்டர். அரைவட்டப் பிளவு, முதுகு மேல்நோக்கி இருக்க வேண்டும். அதன் நடுவில், நாருக்குக் குறுக்காக, ஆக்ஸா பிளேடால் ஒரு வெட்டு. முதுகில் 4 மில்லிமீட்டர் அகலத்தில் தொடங்கி, உள்ளே போகப் போகக் குறுகி, உள்பக்கத்தில் 2 மில்லிமீட்டர் அகலமும் 12 மில்லிமீட்டர் நீளமும் உள்ள ஒரு கீறலாகத் திறக்க வேண்டும். இந்தத் திறப்பில்தான் எல்லாம் இருக்கிறது. கீறல் பெரிதாகிவிட்டால் அறுக்கும் விளிம்பு உள்ளே இறங்கி, சேர்ந்த தூளைக் கலைத்துவிடுகிறது. கீறலே விழாமல் வெறும் பள்ளமாக நின்றால் தூள் இரு பக்கமும் வெளியே வழிந்து தரையில் ஆறிப்போகிறது. தொடக்கத்தில் திறப்பைச் சின்னதாகவே விட்டுவிட வேண்டும், அறுக்க அறுக்க அது தானாகவே விரியும்.

மேல் பாகம், அதாவது வாள், 60 சென்டிமீட்டர் நீளம், 4 சென்டிமீட்டர் அகலமுள்ள பிளாச்சு. அதன் ஒரு விளிம்பை மட்டும் கத்தியால் சீவிக் கூராக்க வேண்டும். சீவும்போது உள்பக்கச் சதையைத்தான் எடுக்க வேண்டும். வெளித்தோல் முழுமையாக இருந்து, அந்தத் தோலே விளிம்பாக முடிய வேண்டும். மூங்கிலின் வலுவெல்லாம் தோலில் இருக்கிறது. தோலைச் சீவி உள்சதையில் விளிம்பு எடுத்த வாள், பத்து இழுப்புக்குள் உருண்டு மழுங்கிவிட்டது.

பஞ்சுக்கும் மூங்கிலேதான். காய்ந்த கழியின் தோல்மீது கத்தியைச் செங்குத்தாகப் பிடித்து, வெட்டாமல், சுரண்டிக்கொண்டே வந்தால் மயிரிழை போன்ற சுருள் உதிரும். கைப்பிடியில் பாதி அளவு சேருவதற்குப் பொறுமை வேண்டும். அதை லேசாக உருட்டி, கீழ்ப்பாகத்தின் உட்குழிவில் கீறலுக்கு நேர் கீழே வைத்து, நழுவாமல் ஒரு மெல்லிய பிளாச்சைக் குறுக்கே கொடுத்து நிறுத்தினேன். இறுக்கி அமுக்கினால் காற்று போகாது. தளர்வாக விட்டால் தூள் அதற்குள் சிதறிவிடும். பெரியவர் இதற்குப் பதில் பழைய வேட்டித் துணியைக் கிழித்து வைப்பதாகச் சொன்னார். அதையும் செய்து பார்த்தேன். துணியில் தணல் மெதுவாகப் பிடித்தாலும் அணையாமல் நிற்கிறது; சுருளில் சட்டென்று பிடிக்கிறது, சட்டென்று தீர்ந்தும் போகிறது. இப்போது கீழே துணியும் அதன்மேல் சுருளுமாக வைக்கிறேன்.

அறுப்பதற்கு இரண்டு பேர் இருப்பது வசதி. ஒருவர் கீழ்ப்பாகத்தின் இரு முனைகளையும் காலால் மிதித்து அசையாமல் பிடிக்க, மற்றவர் வாளை இரண்டு கைகளாலும் பிடித்துக் குறுக்கே இழுக்க வேண்டும். தனியாளாகச் செய்வதற்கு, வாளைக் கூர் விளிம்பு வெளியே பார்க்கும்படி நிறுத்தி, ஒரு முனையைத் தரையிலும் மறுமுனையை வயிற்றிலும் ஊன்றி, வெட்டுப் போட்ட பாகத்தை அதன்மேல் ஏற்றி இறக்கும் வழியும் உண்டு. உடல் எடை முழுவதும் அழுத்தத்துக்குப் பயன்படும் என்றாலும் வயிற்றுக்கு ஒரு சாக்கு மடிப்பைக் கொடுத்துக்கொள்வது நல்லது.

தொடக்கத்தில் வாளின் முழு நீளத்துக்கும் நிதானமாக, அழுத்தம் கொடுக்காமல் இழுக்க வேண்டும். வெட்டும் விளிம்பும் ஒன்றுக்கொன்று பொருந்தி அமர்வதற்கே இந்த இழுப்பு. கீச்சென்று சத்தம் வந்தால் இரண்டு பரப்பும் மழமழவென்று ஆகித் தூள் விடாமல் வழுக்குகின்றன என்று அர்த்தம். அப்போது ஒரு சிட்டிகை நுண்மணலை வெட்டில் தூவினால் மறுபடியும் பிடிக்கும். சத்தம் கரகரப்பாக மாறி, முதல் புகை வந்த பிறகுதான் அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். புகையைக் கண்டவுடன் முழு வேகத்தில் பாய்ந்தால், தூள் சேருவதற்குள் கை ஓய்ந்துவிடும்.

தூளின் நிறம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. வெளிர்பழுப்பாக விழுந்தால் சூடு போதாது. இழையிழையாக விழுந்தால் மூங்கிலில் ஈரம் இருக்கிறது. நன்றாகக் காய்ந்த மூங்கிலில் அது தேயிலைத் தூளைப் போலக் கறுத்து, பொடிப்பொடியாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு விழும். வெட்டின் இரு வாயிலிருந்தும் வந்துகொண்டிருந்த புகை, ஒரு கட்டத்தில் கீழேயிருந்து, குழிவுக்குள்ளிருந்து வரத் தொடங்குகிறது. அதைக் கண்ட பிறகும் ஒரு பதினைந்து இழுப்பு, முழு பலத்தோடு இழுக்க வேண்டும். பிறகு வாளை எடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அறுப்பது நின்ற பிறகும் குழிவிலிருந்து புகை ஒரே சீராக மேலெழுந்தால் தணல் பிடித்துவிட்டது. பரணிலிருந்து இறக்கிய மூங்கிலில் இவையெல்லாம் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டன. முற்றத்து மூங்கிலில் அதே ஆள் அதே வேகத்தில் பத்து நிமிடம் அறுத்தும் கிடைக்காதது அது.

உடனே ஊதக்கூடாது. வாயிலிருந்து வரும் காற்றில் ஈரம் இருக்கிறது, கடுகளவு தணலுக்கு அது அதிகம். கையால் மெதுவாக விசிறி, குழிவில் சிவப்பு தெரிந்த பிறகு, சுருளோடும் துணியோடும் சேர்த்து வெளியே எடுத்து, தயாராக வைத்திருக்கும் நார்க்கூட்டில் வைக்க வேண்டும். இலவம்பஞ்சு மட்டும் வைத்தபோது குப்பென்று எரிந்து, விறகு பிடிப்பதற்குள் சாம்பலாகிவிட்டது. தேங்காய் நாரைப் பிரித்துக் கூடாக்கி, நடுவில் கூந்தல்பனை மட்டையின் அடியில் படிந்திருக்கும் பழுப்புப் பஞ்சைச் சுரண்டி வைத்ததுதான் நன்றாக வேலை செய்தது. அந்தப் பஞ்சில் தணல் ஊர்ந்து பரவி, நாருக்குப் போய், நாரிலிருந்து சுவாலை எழுகிறது. அதன்மேல் விரல் தடிமன் மூங்கில் சிம்புகள், பிறகு காப்பிச்செடி கவாத்துக் குச்சிகள், பிறகுதான் விறகு.

பெரியவரிடம் இதை எங்கே கற்றுக்கொண்டார் என்று கேட்டேன். காட்டில் தங்கப் போனபோது என்று சொல்வார் என எதிர்பார்த்தேன், வயலில் என்றார். அவருடைய தகப்பனார் காலத்தில், நெல் கதிர் பிடித்துவிட்டால் பன்றியையும் யானையையும் விரட்டுவதற்கு ஜென்மி என்ற நிலவுடைமையாளரின் வயலில் பரண் கட்டி இரவெல்லாம் காவல் இருக்க வேண்டும்; காவல் இருந்தவர்கள் பணியர்கள், நெல் ஜென்மியுடையது. மானந்தவாடிக்கு அருகில் வள்ளியூர்க்காவுத் திருவிழாவில் ஓராண்டு வேலைக்கென்று ஆளைப் பேசி அழைத்துப் போகும் வழக்கம் இருந்தது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 1976இல்தான். மழையில் பரணின் தீ அணைந்துவிட்டால் இருட்டில் பாடிக்கு நடந்து வந்து எடுத்துப் போக முடியாது. அதற்காகப் பரணின் கூரைக்கடியில் ஒரு ஜோடி மூங்கிலைச் செருகி வைத்திருப்பார்களாம். அதை எடுக்க வேண்டி வந்தது அபூர்வம் என்றும் சொன்னார். தடித்த கட்டை ஒன்றை விடிய விடியக் கனிய விட்டுச் சாம்பலால் மூடி வைப்பதும், இடம் மாறும்போது தென்னை நார்ப் புரியில் தீயைக் கனிய வைத்து எடுத்துப் போவதும்தான் அன்றாட வேலை. பெட்டிக்கடைகளில் பீடி பற்றவைக்கத் தொங்கவிடும் கயிற்றை நினைத்துக்கொண்டால் போதும். நான் விரல் தடிமனில் முறுக்கிய நார்ப் புரி ஒரு மணி நேரத்துக்கு ஒரு சாணுக்கும் குறைவாகவே கனிந்து போயிற்று. இரண்டு முழம் இருந்தால் நான்கு மணி நேரத்துக்கு மேல் கடத்திவிடலாம்.

சோற்றுக்கு வேண்டியது இதற்கு நேர்மாறான மூங்கில். ஓராண்டு வயதுள்ள பச்சைக் கழி, வெளி விட்டம் 7.5 சென்டிமீட்டர், உள் விட்டம் 5.5 சென்டிமீட்டர். ஒரு கணுவை அடியாக வைத்து மேல் கணுவுக்குக் கீழே அறுத்தெடுத்ததில், உள் ஆழம் 35 சென்டிமீட்டர் கிடைத்தது. தண்ணீர் ஊற்றி அளந்தால் 800 மில்லிக்குக் கொஞ்சம் மேல். வயநாட்டுச் சீரகசாலை அரிசி 200 கிராம், அரை மணி நேரம் ஊறவைத்து வடித்தது; தண்ணீர் 350 மில்லி; உப்பு, இரண்டு ஏலக்காய். மேலே மூன்றில் ஒரு பங்காவது காலியாக இருந்தால்தான் பொங்குவதற்கு இடம் இருக்கும். வாயை வாழையிலையைச் சுருட்டி அடைத்தேன். ஆவி போவதற்கு ஓரத்தில் ஒரு குச்சி நுழையும் இடைவெளி விட்டேன்.

இரண்டு பக்கக் கணுவையும் அப்படியே விட்டுவிட்டு நடுவில் துளையிட்டு அரிசி போட்டு அடைத்துத் தணலில் படுக்க வைக்கும் வேலையை எவரும் செய்ய வேண்டாம். ஆவி போக வழியில்லாத குழாய் பட்டாசுச் சத்தத்தோடு வெடித்து, தணலையும் கொதிசோற்றையும் ஆறடிக்கு அப்பால் எறிந்தது. நல்லவேளையாகப் பக்கத்தில் எவரும் குனிந்திருக்கவில்லை. குழாயைத் தணலுக்கு மேல் சாய்வாக, ஒரு கவட்டைக் குச்சியில் சாத்தி, அடிக்கணு மட்டும் தணலைத் தொடாமல் ஒரு கல்லின் மேல் நிற்கும்படி வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கால் சுற்று திருப்பிக்கொண்டே இருந்தால் 40 நிமிடத்தில் வெந்துவிடுகிறது. சுவாலையில் வைத்தால் ஒரு பக்கம் ஓட்டை விழும். தோல் முழுவதும் கறுத்து, இலை அடைப்பில் வரும் ஆவி குறைந்த பிறகு, இறக்கிப் பத்து நிமிடம் ஆறவிட்டு, வெட்டுக்கத்தியால் தட்டிப் பிளந்தேன். உள்பக்கத்து மெல்லிய வெள்ளைச் சவ்வு சோற்றைச் சுற்றிக்கொண்டு முழுக் கட்டியாக வந்தது. அடியில் நான்கு விரல் அளவு குழைந்திருந்தது, மேலே பதமாக இருந்தது. பச்சை மூங்கிலின் வாசனை சோற்றில் ஏறியிருந்தது. வீட்டில் இருவருக்குப் பிடித்தது, ஒருவர் ஒரு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை. இப்படி ஆக்கிப் போட்டதைப் பெரியவரிடம் கொடுத்தபோது, “சட்டி இல்லாத இடத்துல இது. இங்கதான் சட்டி இருக்குதே?” என்று கேட்டுவிட்டுச் சாப்பிட்டார்.

செலவைக் கூட்டினால் மூங்கில் இரண்டு கழி 240 ரூபாய், ஆக்ஸா சட்டமும் பிளேடும் 180, தராசு 350, அரிசி தனி. தராசு சமையலுக்கும் பயன்படுகிறது என்பதால் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். வெட்டுக்கத்தி ஏற்கெனவே இருந்தது.

அடுத்த தடவை கழியைத் தை மாதத்தில் வெட்டி, வெட்டியவுடனே பிளந்து பரணில் கட்டிவிடுவதாக இருக்கிறேன். முழுக்கழியாக இருந்ததால்தான் உள்பக்கம் காய்வதற்கு இவ்வளவு நேரம் பிடித்தது. கீழ்ப்பாகத்தில் ஒரு வெட்டுக்குப் பதில் நான்கு விரல் இடைவெளியில் இரண்டு வெட்டுகள் போட்டு வைத்தால், ஒன்றின் திறப்பு பெரிதாகிவிட்டாலும் அதே துண்டைப் பயன்படுத்தலாம். பரணிலிருந்து இறக்கிய துண்டை மழைக்காலத்தில் வெளியே வைத்தால் ஓர் இரவிலேயே 9 கிராம் ஏறிவிட்டது, ஆகவே இறக்கிய அன்றே அறுத்துவிட வேண்டும், அல்லது நெகிழித் தாளில் சுற்றிக் கட்ட வேண்டும். பழையவர்கள் நெகிழித் தாளுக்கு எங்கே போனார்கள் என்று கேட்பவர்களுக்கு, அவர்கள் மூங்கிலைக் கூரையிலிருந்து கீழே இறக்கவேயில்லை என்பதுதான் பதில். சோற்றுக்குத் தண்ணீர் 350 மில்லி அதிகம். 300 மில்லியில் செய்து பார்க்க வேண்டும், குழாயையும் இன்னும் கொஞ்சம் படுக்கைவாட்டில் சாய்க்க வேண்டும்.